கேட்கும், பேசாது

மே மாத வெயிலில் காசிமேடு மீன்பிடித் துறைமுகம் பெரிய பட்டறை போல இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் எல்லாம் கரையில். பலகை மாற்றுகிறவர்கள், பெயின்ட் அடிக்கிறவர்கள், வலை முடைகிறவர்கள். நான் தேடிப் போனவர் அந்தக் கூட்டத்தில் கண்ணில் படுகிற ஆள் இல்லை. வயர்லெஸ், ஜி.பி.எஸ்., எக்கோ சவுண்டர் பழுது பார்ப்பவர். முப்பது வருடத் தொழில். கடையும் இல்லை, போர்டும் இல்லை. தோளில் ஒரு ரெக்சின் பை, சட்டைப்பையில் டெஸ்டர், அவ்வளவுதான்.

ஒரு படகின் டிரைவர் அவரைப் பிடித்துவைத்திருந்தார்.

"வயர்லெஸ் நல்லா கேக்குதுண்ணா. பேசறதுக்குப் பட்டன அமுக்குனா ஆஃப் ஆயிடுது. செட்ட மாத்திடலாமா?"

"செட்டு மேல கைய வெக்காத. மொதல்ல பேட்டரியக் காட்டு."

மல்டிமீட்டரை செட்டின் பின்பக்கம் வைத்தார். 12.6 வோல்ட். பட்டனை அமுக்கச் சொன்னார். எண் ஒன்பதுக்குச் சரிந்தது, செட் அணைந்தது. பேட்டரி முனையில் அளந்தால் 12-க்குக் கீழே இறங்கவே இல்லை. நடுவில் இருக்கும் வயர்தான் தின்கிறது. கேட்கும்போது செட்டுக்குக் கொஞ்சம் மின்சாரம் போதும். பேசும்போது 25 வாட் செட் ஐந்தாறு ஆம்பியர் இழுக்கும். வீட்டு லைட்டுக்குப் போடுகிற மெல்லிய வயரை யாரோ இழுத்து, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பைப் பிரித்தால் உள்ளே பச்சைக் களிம்பு. வெட்டினார், மறுபடி வெட்டினார். ரப்பருக்குள்ளேயே ஒரு சாண் தூரம் களிம்பு ஏறியிருந்தது. ஈயம் பூசிய தடித்த செம்பு வயரைப் பையிலிருந்து எடுத்தார். பாட்டி காலத்துப் பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியதும் களிம்புக்குப் பயந்துதானே.

செட் பேசியது. சோதிக்க 16-ஆம் சேனலைத் தொடவில்லை. "அது ஆபத்துல கூப்புடுற சேனல் சார். அதுல வெளையாடக் கூடாது" என்றார்.

எனக்கு அவர்மேல் மரியாதை கூடிக்கொண்டே போனது, புது வயரை நேராக பேட்டரியில் முடுக்கும் வரை. ஃபியூஸ் எங்கே என்று கேட்டேன்.

"ஃபியூஸ் போனா நடுக்கடல்ல யாரு சார் மாத்துவா? டைரக்டா குடுத்துட்டா தொல்லை இல்ல."

வயர் உரசி ஷார்ட் ஆனால் செட் மட்டுமா போகும்? டீசல் தொட்டி இருக்கிற படகு. அமெரிக்கப் படகுத் தரநிலையில், பேட்டரியிலிருந்து 7 அங்குலத்துக்குள் ஃபியூஸ் இருக்க வேண்டும் என்பது பொது விதி. இதை அவருக்கு யாரும் சொன்னதில்லை. உதவிக்கு வந்த பையன் ஐ.டி.ஐ. எலக்ட்ரானிக் மெக்கானிக் முடித்தவன். அவன் மெல்ல, "போடணும்ணா, நானும் படிச்சிருக்கேன்" என்றான். ஆனால் அந்த ஒரு சாண் களிம்பு அவன் பாடத்தில் இருந்திருக்காது.

சான்றிதழ் என்றதும் நம் ஊரில் பலருக்கு இளக்காரம். எனக்கும் இருந்தது; ஃபியூஸ் இல்லாத அந்த வயரைப் பார்த்த பிறகு இல்லை. பெரிய கப்பல்களுக்கு இந்த ஒழுங்கு எப்போதோ வந்துவிட்டது. 300 டன்னும் அதற்கு மேலும் உள்ள சரக்குக் கப்பல் பன்னாட்டுக் கடற்பயணம் போனால், ரேடியோவைக் கையாள உரிமம் பெற்றவர் அதில் இருக்க வேண்டும். கப்பலின் மின், மின்னணுக் கருவிகளுக்கென்றே ஓர் அதிகாரிப் பதவியை, கடலோடிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையின் 2010 மணிலா திருத்தங்கள் உருவாக்கின. அமெரிக்காவில் 1957-இல் தொடங்கிய தேசியக் கடல்சார் மின்னணுவியல் சங்கம், கருவி பொருத்துகிறவர்களுக்குப் பயிற்சியும் சான்றிதழும் தருகிறது. மீன்பிடிப் படகு பெரும்பாலும் இந்த விதிகளுக்கு வெளியே. அதனால் அதைத் தொடுகிற கைக்கும் யாரும் தாள் கேட்பதில்லை.

2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது, குமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவர்கள் பலருக்குக் கரையின் எச்சரிக்கை எட்டவில்லை. படகு வயர்லெஸ்ஸின் வி.எச்.எஃப். அலை ஏறக்குறைய கண்ணுக்கெட்டும் தூரம்தான் போகும். இப்போது இஸ்ரோ உருவாக்கிய, செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் கருவிகளை 1 லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்டில் தொடங்கியிருக்கிறது. படகுக்காரருக்குக் கருவி இலவசம். அதுவும் இதே உப்புக்காற்றில்தான் நிற்கப்போகிறது. பழுதானால் டிரைவர் கூப்பிடப்போவது இந்த ரெக்சின் பைக்காரரைத்தான்.

"சான்றிதழுக்குப் பரீட்சை வெச்சா எழுதுவீங்களா?" என்று கேட்டேன்.

"எழுதச் சொன்னா மாட்டேன் சார். செய்யச் சொன்னா செய்வேன்."

கிளம்பும்போது பையன் மோட்டார் உதிரிக் கடையிலிருந்து ஒரு ஃபியூஸ் பெட்டியும் ஐந்து உதிரி ஃபியூஸும் வாங்கி வந்திருந்தான். அண்ணன் ஒன்றும் பேசாமல் பேட்டரிப் பக்கத்தில் பெட்டியை மாட்டி, உதிரிகளை வயர்லெஸ் செட்டின் மேலேயே டேப் போட்டு ஒட்டினார்.

மீன்வளத் துறையாருக்கு ஒரு வேண்டுகோள். இவர்களுக்குச் சான்றிதழ்த் தேர்வு வைப்பதானால், தடைக்காலத்தில், துறைமுகத்திலேயே, தமிழில் வையுங்கள். விடைத்தாளுக்குப் பதில் பழுதான ஒரு படகைக் கொடுங்கள்.