கிழிந்த தாள்

கும்பகோணத்தில் ஒரு பழைய ஸ்டூடியோவைக் காலி செய்கிறார்கள் என்று நண்பர் அழைத்துப் போனார். நாங்கள் போய்ச் சேர்வதற்குள் நெகட்டிவ்களை எடைக்கு வாங்கும் ஆட்கள் வந்து போயிருந்தார்கள். மிஞ்சியவை தேக்கு ஸ்டாண்டு கேமரா ஒன்று, ஒரு தகரப் பெட்டி. 13 வயதில் அங்கே எடுபிடியாகச் சேர்ந்து, முதலாளி காலமான பிறகும் கடையை நடத்திய பெரியவர் அந்தப் பெட்டியின் மேல் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

பெட்டிக்குள் ஸ்லைடுகள். ஸ்லைடு என்பது தட்டையான மரக்கூடு. பக்கத்துக்கு ஒரு பிலிம் வீதம் இரண்டு பிடிக்கும். ஹாஃப் பிளேட் என்றால் பிலிம் 4¾-க்கு 6½ அங்குலம். கல்யாணத்துக்கு 6 ஸ்லைடு கொண்டுபோனால் மொத்தமே 12 படம். இருட்டில் தடவித்தான் பிலிம் போட வேண்டும். நெட்டுவாக்கில் பிடிக்கும்போது மூலையிலுள்ள சிறு வெட்டு வலப்பக்க மேல்மூலையில் தட்டுப்பட்டால், படம் பதியும் மருந்துப் பக்கம் நம்மைப் பார்க்கிறது. கண்ணாடிப் பிளேட்டில் வெட்டு கிடையாது. ஓரத்தை ஈர உதட்டில் வைத்துப் பார்ப்பார்கள். ஒட்டினால் அது மருந்துப் பக்கம்.

படம் எடுக்குமுன் ஸ்லைடின் மூடித் தகட்டை உருவ வேண்டும், எடுத்ததும் செருக வேண்டும். செருகிவிட்டால் எடுத்ததும் எடுக்காததும் பார்வைக்கு ஒன்றுதான். ரோல் கேமராவில் பிலிமைச் சுற்றினால் எண் நகரும். இங்கே கணக்கு முழுக்க ஆளின் ஞாபகத்தில்.

வேலைக்குச் சேர்ந்த மூன்றாம் வருஷம், பெரியவர் தவறான ஸ்லைடை எடுத்து நீட்டிவிட்டார். காலையில் ஒரு வீட்டில், இறந்துபோன ஒரு முதியவரை நாற்காலியில் உட்கார்த்திக் குடும்பத்தோடு எடுத்த படம். அதே பிலிமில் மாலையில் ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும் விழுந்துவிட்டார்கள்.

“கல்யாணத்தைத் திரும்ப எடுத்துக் குடுத்தோம். அந்த ஐயாவ எங்க போய் எடுக்கிறது தம்பி? அன்னிக்கே சுடுகாட்டுக்குப் போயிட்டாரு. அவருக்கு இருந்த ஒரே படம் அதான்.”

முதலாளி அடிக்கவில்லை. அந்த வீட்டுக்குத் தான் மட்டும் போய்விட்டு வந்தார். அன்று ராத்திரி இவர் ஒரு முக்கோண அரத்தை எடுத்து, ஸ்லைடுகளில் பிலிமின் ஓரத்தை மூடும் சட்டங்களில் ஒன்று, இரண்டு, மூன்று என்று பல் வெட்டினார். அந்தப் பல் வழியே வெளிச்சம் நுழைந்து நெகட்டிவ் விளிம்பில் கறுப்பாகப் பதியும். எந்தப் படம் எந்த ஸ்லைடில் எடுத்தது என்பதும், எந்த ஸ்லைடில் வெளிச்சம் கசிகிறது என்பதும் அதில் தெரிந்துவிடும். பிலிம் போட்டதும் மூடித் தகட்டின் குறுக்கே ஒரு தாள் துண்டைக் கோந்தால் ஒட்டினார். தாள் முழுசாக இருந்தால் எடுக்காதது. கிழிந்திருந்தால் எடுத்தது. எடுத்தவுடன் கிழிந்த தாளிலேயே பென்சிலால் பெயர்.

பின்னாளில் வந்த ஸ்லைடுகளில் மூடித் தகட்டின் பிடி ஒருபக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே இருந்தால் புதிது, கறுப்பு இருந்தால் எடுத்தது. இருட்டில் தடவிப் பார்க்க வெள்ளைப் பக்கத்தில் புள்ளிகளும் உண்டு. அவற்றிலும் இவர் தாள் ஒட்டினார். “திருப்பிச் செருக மறந்துடலாம். கிழிஞ்ச தாளை யாரால ஒட்டவைக்க முடியும்?”

இவ்வளவு கவனமாகக் காத்த முகங்களைத்தான் கிலோக் கணக்கில் அள்ளிப் போகிறார்கள். பிலிமிலிருந்து வெள்ளி எடுக்கிறார்கள். கண்ணாடியைச் சுரண்டிக் கழுவிப் படச் சட்டத்துக்கு விற்கிறார்கள். கேமரா ஹோட்டல் வரவேற்பறைக்கு அலங்காரமாகப் போகிறது. அதை வாங்கி விற்பவன் ஒரே நாளில் பார்க்கும் லாபத்தை இந்தப் பெரியவர் ஒரு வருஷ உழைப்பில் பார்த்ததில்லை. தமிழ்நாட்டு ஸ்டூடியோப் படங்களைத் தேடித் தேடிப் பதிவு செய்யும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் செய்திருக்கிறது. அந்த வேலையின் அருமை நம் ஊர்க்காரர்களுக்கு இன்னும் உறைக்கவில்லை.

பெட்டியின் அடியில் ஒரு ஸ்லைடு கிடந்தது. தாள் கிழிந்திருந்தது. பெயர் பாதி அழிந்து, “ஐப்பசி” என்பது மட்டும் வாசிக்க வந்தது. திறந்து பார்க்கலாமா என்று நண்பர் கேட்டார். பெரியவர் அதை வாங்கி வேட்டி மடிப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பெட்டி இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். வெளிச்சத்தில் திறக்கவும் வேண்டாம். தாள் கிழிந்திருந்தால், உள்ளே கழுவாத படம் ஒன்று இருக்கக்கூடும்.