ஓரணாச் சிற்றுண்டி

நகர மன்றங்களின் நடவடிக்கைக் குறிப்புகளை வெறும் காகிதக் குப்பையென்று ஒதுக்கும் அன்பர்கள், 1920-ஆம் ஆண்டு செப்டம்பர் 16-ஆம் நாள் சென்னை மாநகராட்சி மன்றம் நிறைவேற்றிய ஒரு சிறு தீர்மானத்தையாவது வாசித்துப் பார்க்க வேண்டுமென்று மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியின் மாணவர்களுக்குத் தலைக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாத செலவில் சிற்றுண்டி வழங்கலாம் என்பதே அதன் சாரம். பிள்ளைகளின் வறுமையே பள்ளியின் மாணவர் தொகையைப் பாதிக்கிறதென்று மன்றத் தலைவர் பிட்டி தியாகராய செட்டியார் எடுத்துரைத்தார். பசித்த வயிற்றோடு எழுத்துப் பயிலச் சொல்வது அதர்மம் என்று உணர்ந்ததோடு நின்றுவிடாமல், அந்த அனுதாபத்தை இன்ன பள்ளி, இன்ன தொகை என்று வரையறுத்து, மன்றத்தின் அங்கீகாரம் பெற்ற செலவினமாக்கிய காரிய சாமர்த்தியத்தையே நான் பெரிதும் போற்றுகிறேன். பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் பரவிய அத்திட்டம், ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து செலவிட அரசாங்கம் இசையாமையால் 1925-இல் தடைப்பட்டதை நினைக்குந்தோறும் என் மனம் ஆறுவதில்லை.

நம் வார்டின் அடுத்த பகுதி சபைக் கூட்டத்துக்குப் பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் கேட்டு மனு எழுதும் நண்பர்களே, அந்த ஓரணாத் தீர்மானத்தைப் போலவே எத்தனை குழாய், எவ்வளவு செலவு என்பதையும் தயவுசெய்து அதிலேயே குறித்துக்கொண்டு வாருங்கள்.