விறைக்கும் பாதங்கள்

எஞ்சின் இல்லாத கிளைடர் விமானத்தை ஓட்டுவோருக்குப் பெருந்தொல்லை எதுவென்று கேட்டால், எம்மிற் பலர் உயரம் என்போம். அல்லது பயம் என்போம். தண்ணீரூற்றில் வாழும் என் தாயார் வேறொன்றைக் கேட்டார். சுவிற்சர்லாந்தில் பிறந்த என் பெறாமகன் கிளைடர் ஓட்டுகிறான் என்று அறிந்ததும், "அவ்வளவு மேல போனாப் பிள்ளைக்குக் கால் விறைக்காதோ?" என்றார். வாழ்நாளில் விமானம் ஏறாத ஒருவரின் இக்கேள்வி, அத்துறையினர் உண்மையாகவே தலையை உடைத்துக்கொள்ளும் கேள்வி என்பதை அவனிடம் விசாரித்தபோது அறிந்தேன்.

வளிமண்டலத்தில் ஒவ்வொரு 1,000 மீற்றருக்கும் ஏறக்குறைய 6.5 பாகை செல்சியஸ் வெப்பம் குறைகிறது. எங்காடின் பள்ளத்தாக்கின் சமேடான் விமானத்தளம் கடல்மட்டத்திலிருந்து 1,707 மீற்றர் உயரத்தில் உள்ளது. அங்கிருந்து பூச்சியம் பாகையிற் புறப்படுபவர் மேலும் 3,000 மீற்றர் ஏறினால், வெளியே கழித்தல் 20 பாகை. எஞ்சின் இல்லையாதலால் அதன் சூடும் இல்லை. கண்ணாடிக் கூரையினூடாக விழும் வெயில் தலையையும் தோளையும் சுடும். நீட்டிய கால்களோ விமானத்தின் மூக்குப் பகுதியில், வெயில் எட்டாத நிழலில், காற்றுக் கசியும் இடத்தில் அசைவின்றிக் கிடக்கும். நெற்றி வியர்க்கப் பாதம் விறைக்கும் விந்தை அங்கு நிகழ்கிறது.

உடலுக்கும் இதில் ஒரு கணக்கு உண்டு. குளிர் மிகும்போது அது இதயம், நுரையீரல் முதலிய உள்ளுறுப்புகளைக் காப்பதற்காகக் கை, கால்களுக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்துவிடுகிறது. முதலிற் கைவிடப்படுபவை விரல்களே.

அப்படியானால் தடித்த சப்பாத்தை அணியலாமே என்று வாசகர் கேட்கக்கூடும். அங்கேதான் சிக்கல். கிளைடரின் வாற்சுக்கானை இயக்குவது கால்கள். இடமோ ஒடுங்கியது. பெரிய சப்பாத்து மிதிபலகைகளிற் சிக்கிக்கொள்ளலாம். தடித்த அடிப்பகுதி தொடுகை உணர்வை மறைத்துவிடும். விறைத்த காலுக்கும் அவ்வுணர்வு இல்லை. தரையிறங்குமுன் தாழ்வாகத் திரும்பும் வேளையில், வேகம் குறைந்திருக்க, காலின் அழுத்தம் பிசகினால் விமானம் சுழன்று வீழக்கூடும். பல மணி நேரக் குளிரின் பின்னர், கால்கள் மிகவும் மரத்திருக்கும் தறுவாயில்தான் அத்திருப்பமும் வருகிறது.

பெறாமகன் நாடியது வைர விருதுக்குரிய உயரம். ஒரே பறப்பில் 5,000 மீற்றர் மேலேறிக் காட்டவேண்டும். மலைகளைத் தாண்டி வீசும் பலத்த காற்று அலையாக எழும் நாட்களே அதற்கு ஏற்றவை. அவை பெரும்பாலும் குளிர்காலத்து நாட்கள். இலக்குக்குச் சில நூறு மீற்றர் இருக்கையில் அவன் இறங்கிவிட்டான். "பெரியப்பா, கால் மிதிபலகையில இருக்கோ எண்டு குனிஞ்சு பார்க்கவேண்டி வந்திட்டுது. அதோட போதுமெண்டு இறங்கிட்டன்" என்றான். விருதைவிட அந்த முடிவே எனக்குப் பெரிதாகப்பட்டது.

இப்போது அவன் கைக்கொள்ளும் முறைகள் எளியவை. இறுக்கமான இரு காலுறைகளை விடத் தளர்வான ஒரு கம்பளிக் காலுறை நல்லது. இறுக்கம் இரத்தத்தைத் தடுக்கும். பனியில் விமானத்தைத் தள்ளும்போது கால் வியர்ப்பதால், ஏறுமுன் உலர்ந்த காலுறைக்கு மாறவேண்டும். தொடையும் வயிறும் தலையும் சூடாயிருந்தாலே பாதத்துக்கு இரத்தம் வரும். இரும்புத்தூள் அடங்கிய சூட்டுப்பொதி ஒட்சிசனை உறிஞ்சியே சூடாகிறது. 5,000 மீற்றரில் காற்றழுத்தம் ஏறக்குறையப் பாதியாவதால் அதன் வலுவும் தளரும். பற்றரியால் சூடேறும் உள்ளடியே அவ்வுயரத்துக்குப் பொருந்துகிறது.

உச்சங்களைத் தொட்டவர்களும் குளிரோடு போராடியவர்களே. 2006 ஆம் ஆண்டு ஸ்டீவ் பொசெட், ஐனார் எனவோல்ட்சன் இருவரும் 50,000 அடியைக் கடந்தபோது முழு அமுக்க உடை அணிந்திருந்தனர். 2018 செப்டெம்பரில் ஆர்ஜென்ரீனாவிலிருந்து எழுந்த பேர்லன் கிளைடர் 76,000 அடியைத் தாண்டியது. அதன் விமானிகள் அழுத்தமூட்டிய அறையினுள் இருந்தனர்.

எங்கள் ஊர்ப் பாதங்கள் வேறு வகையானவை. வைகாசியில் வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் பொங்கலுக்குச் சுடுமணலில் வெறுங்காலோடு நடந்து பழகியவை. அவற்றுக்குக் குளிரென்றால் மார்கழி விடியலின் பனிப்புல்தான். என் தம்பி 1985 மார்கழியில் செருப்போடு சூரிச்சில் இறங்கியவன். பின்னர் உணவகச் சமையலறைகளின் ஈரத்தரையிலே பல்லாண்டு நின்றவன். புலம்பெயர்ந்த முதல் தலைமுறை, குளிரைப் பற்றிக் கடிதங்களில் அதிகம் எழுதவில்லை. எழுதினால் ஊரில் அழுவார்கள் என்று அறிந்திருந்தது. இன்று மகன் பறக்கப் புறப்படும் நாட்களில் இரண்டாவது சோடிக் காலுறையைப் பையில் வைப்பவன் அந்தத் தம்பியே. மகன் எட்டிய உயரத்தை அவன் ஒருநாளும் என்னிடம் சொன்னதில்லை. பையன் இறங்கிவிட்டான் என்று மட்டும் தொலைபேசியில் அறிவிப்பான்.