கோதுமைக் கதிர் போட்ட பேட்

குன்றத்தூரில் நாங்கள் ஆடிய காலத்தில், பேட் உடைந்தால் முதலில் பார்ப்பது எங்கே உடைந்தது என்றுதான். அடியில் பிளந்திருந்தால் பெரிய துக்கமில்லை. கைப்பிடி முறிந்திருந்தால்தான் டீமே முகத்தைத் தொங்கப்போட்டு உட்காரும். பலகைக்கு ஏதாவது வழி பிறக்கும், கைப்பிடியின் பிரம்புக்குப் பிறக்காது. நல்ல பேட் வேண்டுமென்றால் சேப்பாக்கம் ஸ்டேடியம் பக்கம் வாலாஜா சாலைக்குப் போக வேண்டும். போக பஸ் காசு தேறும், வாங்கத் தேறாது.

சேக்கிழார் பிறந்த ஊர் என்று தமிழாசிரியர் பெருமையாகச் சொல்வார். மலைமேல் 84 படி ஏறினால் முருகன். கீழே சேக்கிழார் கட்டிய நாகேஸ்வரர் கோயில், ராகு தோஷக்காரர்கள் வந்தபடி இருப்பார்கள். தெருக்களில் தறிச் சத்தம். எங்களுக்கு இதெல்லாம் பக்கவாட்டில் இருந்தது. ஊர் என்றால் செம்பரம்பாக்கம் ஏரிதான். நிரம்பினால் 24 அடி, 3,645 மில்லியன் கன அடி, சென்னைக்குக் குடிநீர். பங்குனியில் தண்ணீர் உள்வாங்க உள்வாங்க எங்கள் மைதானம் பெரிதாகிக்கொண்டே போகும். வெயிலில் வெடித்த களிமண்ணில் குத்திய பந்து எந்தப் பக்கம் திரும்பும் என்று போட்டவனுக்கே தெரியாது. நான் சுழற்பந்து வீச்சாளன் என்று பெயர் வாங்கியதற்கு அந்த வெடிப்புகள்தான் காரணம்.

எங்களுக்கு ஒரு நல்ல கைப்பிடி திருவல்லிக்கேணியிலிருந்து வந்தது. கூட ஆடிய ஒருவனின் மாமா அங்கே வேலை பார்த்தார். லீக் ஆடுகிற யாரோ கழித்துப்போட்ட மீரட் பேட். பலகை அடியிலிருந்து நடு வரை பிளந்து, ஃபெவிகாலும் டேப்பும் போட்டும் நிற்காமல் போயிருந்தது. கைப்பிடியில் ஒரு கீறல் இல்லை. எங்களிடமோ கைப்பிடி முறிந்த காஷ்மீர் வில்லோ பேட் ஒன்று கிடந்தது. இரண்டு பிணத்தையும் எடுத்துக்கொண்டு நிலைக்கதவு செய்கிற ஆசாரியிடம் போனோம். 1999 பிப்ரவரித் தொடக்கம். சச்சின் முதுகுவலியோடு 136 அடித்தும் சேப்பாக்கத்தில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றிருந்தோம். ஊரே யாரையாவது திட்டத் தயாராக இருந்தது.

அவரும் திட்டினார். “நெலவு செய்யிற எடத்துக்கு வெளையாட்டுச் சாமான எடுத்துட்டு வர்றீங்களே தம்பி.” சொல்லிக்கொண்டே பேட்டை வாங்கித் திருப்பிப் பார்த்தார். கைப்பிடியின் கீழ்ப்பக்கம் ஆப்பு மாதிரி சரிந்து பலகைக்குள் இறங்குகிற இடத்தில் நகத்தை ஓட்டினார். “இத செஞ்சவன் வேல தெரிஞ்சவன்” என்றார். அதோடு எங்கள் காரியம் முடிந்தது.

பலகை செத்துவிட்டதால் அதைக் காப்பாற்ற வேண்டிய கவலை இல்லை. கிரிப்பை உருட்டிக் கழற்றி, சுற்றிய நூலைப் பிரித்து, ஆப்புக்குக் கொஞ்சம் கீழே பலகையை அறுத்துத் தள்ளினார். மிச்சம் ஒட்டியிருந்த மரத்தை நார் போகும் திசையிலேயே உளியால் சில்லு சில்லாகப் பெயர்த்தார். வில்லோ லேசான மரம், சொன்னபடி கேட்கும். பிரம்பு வரை வந்ததும் உளியை வைத்துவிட்டு, உடைந்த கண்ணாடித் துண்டை எடுத்துப் பழைய பசையைச் சுரண்டினார். வெந்நீரில் போட்டால் சீக்கிரம் வராதா என்று ஒருவன் கேட்டான். பிரம்புத் துண்டுகளுக்கு நடுவே ரப்பர் பட்டை ஒட்டியிருப்பதைக் காட்டி, வெந்நீர் பட்டால் இந்த ஒட்டும் விட்டுப்போகும் என்றார். அதுவரை கைப்பிடி ஒரே பிரம்பு என்றுதான் நினைத்திருந்தோம். பிரம்பைக் கீற்றுகளாக அறுத்து, இடையிடையே ரப்பரோ கார்க்கோ வைத்து ஒட்டிக் கடைவது அது. பந்து படும் அதிர்ச்சியை அந்த ரப்பர் வாங்கிக்கொள்ளும். ஒரே கட்டையில் செதுக்கிய பேட்டால் அடித்தால் முழங்கை வரை ஜிவ்வென்று ஏறும்.

எங்கள் காஷ்மீர் பலகையில்தான் வேலை கடினம். முறிந்த பிரம்பின் அடித்துண்டு உள்ளேயே இறுகிக் கிடந்தது. துளை போட்டு, உளியால் கிண்டி, பலகையின் தோள் பெயராமல் வெளியே எடுக்க மதியம் முழுக்கப் போனது. பிறகு புதிய ஆப்பில் சாக்பீஸ் தடவி உள்ளே செருகி எடுப்பார். பள்ளத்தில் எங்கே வெள்ளை ஒட்டியிருக்கிறதோ அங்கே மட்டும் ஒரு சீவல். மறுபடி செருகல், மறுபடி சீவல். பசை ஊற்றும் முன்னாலேயே கையால் இழுத்தால் வராத அளவுக்குப் பொருந்த வேண்டும். பசையை நம்பி மரம் சேர்ப்பவன் ஆசாரியே இல்லை என்பது அவர் கட்சி. பழைய நாளில் வச்சிரம் காய்ச்சி ஊற்றியிருப்பார், அன்று ஃபெவிகால். கயிற்றால் கட்டி, கயிற்றுக்குள் குச்சியைச் செருகி முறுக்கி, ஒரு ராத்திரி தொடக் கூடாது என்றார்.

இந்தச் சரிவான ஆப்பை 1880களில் வடிவமைத்தவர் சார்லஸ் ரிச்சர்ட்சன். பொறியாளர் புருனெலிடம் பயின்றவர், இங்கிலாந்தில் செவெர்ன் ரயில் சுரங்கத்தின் முதல் தலைமைப் பொறியாளர். ஆற்றுக்கடியில் சுரங்கம் தோண்டிய ஆள், கிரிக்கெட் பேட்டுக்கும் மூளை செலவழித்திருக்கிறார். எங்கள் ஆசாரிக்கு ரிச்சர்ட்சனைத் தெரியாது. ஆனால் ரிச்சர்ட்சன் என்ன நினைத்தார் என்பது அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது.

நூல் தறி வீட்டிலிருந்து வந்தது, கழிவு நூலைப் பல புரியாக முறுக்கியது. கிரிப்புக்குப் பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப். சோப்புத் தண்ணீர் தடவி இழுத்து ஏற்றினால் கச்சிதமாக உட்காரும். வேர்த்தால் வழுக்கும், அதற்கு ஏரி மண் இருக்கிறது.

அந்தக் காஷ்மீர் பலகையும் சில கோடைக்குப் பிறகு போய்ச் சேர்ந்தது. அதற்குள் ஊரைச் சுற்றி வேறு காற்று. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் கார் வெளிவந்தது. பின்னாலேயே உதிரிபாகக் கம்பெனிகள், 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா, 2010இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான். கடல் தாண்டி வந்த இயந்திரங்களோடு பைன் மரப்பெட்டிகளும் வந்தன. பெட்டியைப் பிரித்த பலகைகள் ரோட்டோரக் கடைகளில் மலையாகக் கிடந்தன. கட்டில் ஆயின, கோழிக்கூடு ஆயின. எங்களுக்கு பேட் ஆயின. அதே கைப்பிடி, அதே ஆசாரி. வில்லோவின் துள்ளல் பைனில் கிடையாது. பந்து செத்து விழும். பிசின் ஓடிய கோட்டில் ஒருநாள் நெடுக்காகப் பிளக்கும். டென்னிஸ் பந்துக்கு ஒப்பேறும், அவ்வளவுதான். ஆனால் பலகையில் ஒரு முத்திரை இருந்தது: கோதுமைக் கதிர் படம், பக்கத்தில் ‘கே.ஆர்.’, ‘ஹெச்.டி.’. ஏற்றுமதி மரத்தைப் பூச்சி போகச் சூடேற்றியதற்கு அடையாளம், கே.ஆர். என்றால் கொரியா. மற்ற டீம்கள் எம்.ஆர்.எஃப். ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டு வந்தபோது நாங்கள் கதிர் அழியாமல் செதுக்கச் சொன்னோம்.

பிறகு டீமில் பாதிப் பேர் கம்பெனி பஸ் ஏறினார்கள். முதல் சம்பளத்தில் ஒருவன் வாலாஜா சாலை போய்ப் புது பேட்டோடு வந்தான். அன்று யாரும் பழையதைத் தொடவில்லை. அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. கையில் காசு வந்தால் புதுசு வாங்குவதுதான் முறை. எனக்குக் குறை வேறு. ஷிப்ட் மாறி மாறி வந்ததில் பதினோரு பேர் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் சேரவே முடியவில்லை. 2019 கோடையில் ஏரி அடிவரை வறண்டு, அத்தனை பெரிய மைதானத்தை விரித்து வைத்தது. எங்கள் ஆட்கள் ஒருவரும் இறங்கவில்லை.

பேட் வைத்தியம் அற்பத் தொழில் என்று நினைக்க வேண்டாம். மும்பையில் அஷ்ரஃப் சாச்சா என்று ஒருவர், சச்சினின் பேட்களையே பழுது பார்த்தவர். 2020இல் அவர் நோயில் விழுந்தபோது சச்சின் உதவினார் என்று பத்திரிகைகள் எழுதின. எங்கள் ஆசாரிக்குக் கிடைத்தது டீயும் ஒரு கட்டு பீடியும். அதற்கு மேல் அவர் கேட்டதில்லை, எங்களுக்குக் கொடுக்கத் தோன்றியதும் இல்லை.

உங்கள் வீட்டுப் பரணில் உடைந்த பேட் கிடந்தால் பலகையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்து வளைத்துப் பாருங்கள். சத்தமில்லாமல் லேசாக வளைந்து திரும்பினால் அதில் இன்னும் ஆட்டம் இருக்கிறது. தெருவில் ஆடும் பையன்களிடம் கொடுங்கள், கூடவே நல்ல ஆசாரி ஒருவரின் வீட்டையும் காட்டுங்கள். ஆசாரிக்குக் கூலியை நீங்களே கொடுத்துவிடுங்கள்.