பனிக்காலத்தில் இறங்கி வரும் தெய்வங்கள்

மார்கழி பிறந்துவிட்டால் எங்கள் அனுமந்தன்பட்டியின் விடியற்காலம் இரண்டு ஒலிகளால் நிறைந்துவிடும். ஒன்று, ஒலிபெருக்கியில் தவழ்ந்து வரும் திருப்பாவை. மற்றொன்று, கம்பம், குமுளி வழியாகச் சபரிமலைக்குச் செல்லும் ஐயப்ப பக்தர்களின் சரண கோஷம். ஊர் முழுவதும் தெற்கு நோக்கி மலையேறும் அந்த நாட்களில், சென்ற ஆண்டு நானும் என் மனைவியும் வடக்கு நோக்கிப் புறப்பட்டோம். 'இந்தக் குளிரில் இமயமலைக்கா? கோயில்களெல்லாம் நடை சாத்தியிருக்குமே!' என்று உறவினர்கள் தடுத்தார்கள். நடை சாத்தியிருப்பதால்தான் போகிறோம் என்று சொன்னபோது ஒருவருக்கும் விளங்கவில்லை.

காரணம் இதுதான். திருமணமான நாள் முதலாக என் மனைவியின் உள்ளத்தில் கேதாரநாத தரிசனம் ஓர் ஆசையாக வேரூன்றியிருந்தது. திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதாரத்தை ஒருமுறையேனும் கண்ணால் காண வேண்டும் என்பாள். பிள்ளைகளின் படிப்பு, திருமணம், என் வங்கிப் பணி என்று ஆண்டுகள் கழிந்தன. ஓய்வு கிடைத்தபோது அவளுடைய முழங்கால்கள் ஒத்துழைக்கவில்லை. கேதாரம் 3,583 மீட்டர் உயரத்தில் உள்ளது. கௌரிகுண்டிலிருந்து 16 கிலோமீட்டருக்குக் குறையாத ஏற்றம். 'மூட்டு மட்டுமன்று, மூச்சும் இடம் கொடுக்காது' என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அன்றிரவு அவள் ஒன்றும் பேசவில்லை. பூஜையறையில், சஞ்சீவி மலையை ஏந்திப் பறக்கும் அனுமனின் படத்துக்கு முன் நெடுநேரம் அமர்ந்திருந்தாள்.

பின்னர் ஒரு நண்பர் வாயிலாகத்தான் அந்தச் செய்தியை அறிந்தோம். நம்மால் கேதாரத்துக்கு ஏற முடியாவிட்டால் என்ன? ஆண்டுதோறும் கேதாரநாதர் கீழே இறங்கி வருகிறாரே!

ஆறு மாதம் மலையில், ஆறு மாதம் ஊரில்

தீபாவளி கழிந்த இரண்டாம் நாள், வடநாட்டார் 'பாயி தூஜ்' என்று கொண்டாடும் யமத்விதீயை அன்று கேதாரத்தில் நடை சாத்தப்படுகிறது. மூலலிங்கத்துக்குச் சமாதி பூஜை செய்து, திருநீற்றாலும் மலர்களாலும் மூடுகிறார்கள். பின்னர் ஐந்து முகம் கொண்ட உற்சவத் திருமேனி பல்லக்கில் எழுந்தருளி, குப்தகாசி வழியாக ஊக்கிமடம் வந்து சேர்கிறது. அங்குள்ள ஓங்காரேசுவரர் ஆலயத்தில் அடுத்த ஆறு மாதம் பூஜை. அவ்வாறே கங்கை அன்னை கங்கோத்ரியிலிருந்து முக்பா கிராமத்துக்கும், யமுனை அன்னை யமுனோத்ரியிலிருந்து கர்சாலி கிராமத்துக்கும் வருகிறார்கள். பத்ரிநாத்திலிருந்து உத்தவரும் குபேரரும் பாண்டுகேசுவரத்துக்கும், ஆதிசங்கரரின் பீடம் ஜோஷிமடத்துக்கும் வந்து சேர்கின்றன. பனி மூடும் உயரத்தில் மக்கள் வாழ இயலாது. மக்கள் கீழே இறங்கும்போது தெய்வமும் அவர்களோடு இறங்குகிறது.

'அப்படியானால் ஊக்கிமடத்தில் தரிசித்தால் அது கேதார தரிசனம் ஆகுமா?' என்று என் மனைவி கேட்டாள். 'அழகர்மலையிலிருந்து கள்ளழகர் இறங்கி வந்து வைகையில் எழுந்தருளும்போது, இவர் வேறு, மலைமேல் இருப்பவர் வேறு என்று எண்ணுகிறோமா?' என்றேன். தலையசைத்தாளே தவிர, அவள் ஐயம் தீர்ந்ததாகத் தெரியவில்லை. அந்த ஐயத்தையும் மூட்டை முடிச்சுகளோடு சேர்த்துக் கட்டிக்கொண்டுதான் மதுரையில் தில்லி ரயிலேறினோம்.

அகத்தியர் பெயரில் ஓர் ஊர்

ஹரித்வார், ரிஷிகேசம் கடந்து முதலில் தேவப்பிரயாகையில் இறங்கினோம். பெரியாழ்வார் பாடிய 'கண்டமென்னும் கடிநகர்' இதுவே என்பர். பாகீரதியும் அலகநந்தாவும் கலந்து 'கங்கை' என்னும் திருநாமம் பெறும் இடம். மழைக்காலத்தில் சேறு கலந்து சீறிப் பாயும் ஆறுகள், மார்கழியில் தெளிந்து பச்சை மணிபோல் ஒளிர்ந்தன. கரையில் பத்துப் பேர்கூட இல்லை. ரகுநாதர் சன்னிதியில் நின்ற நேரமெல்லாம் எங்களுக்கே உரியதாக இருந்தது. கோடைக்கால யாத்திரையில் கிட்டாத பேறு அது.

ருத்ரப்பிரயாகையில் அலகநந்தாவை விட்டு மந்தாகினியின் கரை வழியே வடக்கே திரும்பினால், சிறிது தொலைவில் ஓர் ஊர் வருகிறது. பெயர்ப்பலகையில் 'அகஸ்த்யமுனி' என்று எழுதியிருந்தது. தெற்கே வந்து பொதிகையில் அமர்ந்து தமிழ் வளர்த்த குறுமுனிக்கு, அவர் விட்டு வந்த வடதிசையில் ஓர் ஊரே பெயர் தாங்கி நிற்கிறது! தாய்வீட்டு உறவினரைக் கண்டது போன்ற மகிழ்ச்சியோடு கைகூப்பினோம்.

ஊக்கிமடத்தில் ஒரு காலை

ஊக்கிமடம் சுமார் 1,300 மீட்டர் உயரத்தில், மந்தாகினிப் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி மலைச்சரிவில் அமைந்த சிற்றூர். ஆற்றுக்கு அக்கரையில் குப்தகாசி தெரிகிறது. வடக்கே பனிமுகடுகள் வெள்ளித் தகடுகளாகப் பளபளக்கின்றன. பாணாசுரன் மகள் உஷைக்கும் கண்ணனின் பேரன் அநிருத்தனுக்கும் திருமணம் நடந்த தலம் என்றும், உஷையின் பெயரே ஊருக்கு அமைந்தது என்றும் சொல்கிறார்கள். மாந்தாதா தவமிருந்த இடமும் இதுவே. பஞ்ச கேதாரங்களுள் ஒன்றான மத்தியமகேசுவரரும் பனிக்காலத்தில் இங்கேயே எழுந்தருள்கிறார். கேதாரத்தின் ராவல், கர்நாடகத்து வீரசைவ மரபைச் சேர்ந்தவர். ஒவ்வோர் ஆண்டும் கேதாரத்தில் நடை திறக்கும் நாள், மகா சிவராத்திரியன்று இவ்வூரில்தான் அறிவிக்கப்படுகிறது.

அதிகாலைக் குளிரில் நடுங்கியபடி ஆலயத்துக்குச் சென்றோம். கூட்டம் இல்லை; வரிசை இல்லை. பொறுமையாகத் தரிசித்துவிட்டுத் திருச்சுற்றில் ஓரமாக அமர்ந்திருந்தோம். அப்போது எழுபது வயது மதிக்கத்தக்க ஒரு மலைநாட்டுப் பெண்மணி வந்தார். முதுகில் புல்லுக்கட்டு, இடுப்பில் அரிவாள். கட்டை வாசலில் இறக்கி வைத்தார். உள்ளே வந்து, 'பாபா' என்று அழைத்துத் தலை தாழ்த்தினார். இரண்டு வார்த்தை முணுமுணுத்துவிட்டு, மீண்டும் சுமையைத் தூக்கிக்கொண்டு தம் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

என் மனைவி அவர் சென்ற வழியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: 'நாம் கேதாரநாதரைத் தேடி இவ்வளவு தூரம் வந்தோம். இந்த அம்மாவுக்கு அவர் அடுத்த வீட்டுப் பெரியவர். ஆறு மாதம் மலையில் எல்லாருக்கும் சுவாமியாக இருந்துவிட்டு, ஆறு மாதம் தம் வீட்டுக்கு வந்திருக்கிறார். வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டேன். இதைவிட வேறென்ன வேண்டும்?' அவள் கண்கள் கலங்கியிருந்தன. அதன்பின் அந்த ஐயத்தை அவள் எழுப்பவே இல்லை.

நாங்கள் தங்கிய வீட்டில் பகல் உணவுக்கு 'மண்டுவா' ரொட்டியும் 'கஹத்' பருப்பும் இட்டார்கள். வாயில் வைத்ததும் சிரித்துவிட்டோம். மண்டுவா என்பது நம் கேழ்வரகு. கஹத் என்பது நம் கொள்ளு! 'ஜங்கோரா' என்று அவர்கள் பாயசம் வைக்கும் தானியம் குதிரைவாலி. பள்ளத்தாக்கு எதுவானாலும், மலையடிவாரத்து ஏழையின் உலையில் வேகும் தானியம் ஒன்றுதான் போலும்.

மெலியும் திருக்கரம்

ஊக்கிமடத்திலிருந்து சோப்தா வழியாகக் கோபேசுவரம் செல்லும் குறுக்குப் பாதை பனியால் அடைபட்டிருந்தது. ஆகவே ருத்ரப்பிரயாகைக்கே திரும்பி, கர்ணப்பிரயாகை, நந்தப்பிரயாகை, சமோலி வழியாக ஜோஷிமடம் சேர்ந்தோம். சுமார் 1,900 மீட்டர் உயரம். திருமங்கையாழ்வார் பாடிய திருப்பிரிதி இத்தலமே என்பது வைணவப் பெரியோர் கொள்கை.

இங்குள்ள நரசிம்மரின் இடக்கரம் மணிக்கட்டில் நாளுக்கு நாள் மெலிந்து வருவதாகவும், அது இற்றுவிடும் நாளில் பத்ரிக்குச் செல்லும் வழி மூடிப்போய், பெருமாள் பவிஷ்ய பத்ரியில் காட்சி தருவார் என்றும் நம்பிக்கை. அதைக் கதையாகக் கேட்டுக் கடந்துவிட முடியவில்லை. 2023 ஜனவரியில் இவ்வூர் நிலம் அமிழ்ந்து, நூற்றுக்கணக்கான வீடுகளில் விரிசல் விழுந்தது. வீட்டைத் துறந்து வெளியேறியவர்கள் பலர். அந்த விரிசல்களைக் கண்ட பின்பு நரசிம்மர் முன் நின்றபோது, எங்களுக்கென்று எதையும் வேண்டத் தோன்றவில்லை. 'இந்த ஊரைத் தாங்கு அப்பா' என்பதே வாயில் வந்தது.

பாண்டுகேசுவரத்தில் யோகத்யான பத்ரியைத் தரிசித்தோம். உத்தவரும் குபேரரும் பனிக்காலத்தில் இங்கு தங்குகிறார்கள். பத்ரிநாதரோ தம் இடத்தை விட்டு இறங்குவதில்லை. மாணா கிராமத்துக் கன்னிப் பெண்கள் நெய்த கம்பளியில் நெய் தோய்த்து அவருக்குப் போர்த்திவிட்டு வருகிறார்கள். மனிதர் இல்லாத அந்த ஆறு மாதமும் நாரதரே பூஜை செய்கிறார் என்பது ஐதிகம். நடை திறந்து பூஜை செய்யும் ராவல், எங்கள் குமுளிக்கு அப்பால் உள்ள கேரளத்து நம்பூதிரி மரபினர் என்பதை நினைக்கையில், பாரத நாட்டின் இரு முனைகளை முடிந்து வைத்த பெரியோரின் கருத்து விளங்குகிறது.

அனுமனை வணங்காத கிராமம்

திரும்பும் வழியில் நேர்ந்ததைச் சொல்லாமல் இக்கட்டுரை முடியாது. அன்று மார்கழி அமாவாசை, அனுமன் ஜயந்தி. வடநாட்டில் சித்திரா பௌர்ணமியில் கொண்டாடுவதால் அங்கே அன்று விசேஷம் ஏதும் இல்லை. வடைமாலை சாற்ற முடியவில்லையே என்ற குறையோடு என் மனைவி வந்தாள். சமோலிக்கு அருகே, அலகநந்தாவின் கரையில் ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். கணப்பின் அருகே ஒரு முதியவர் தக்ளியில் கம்பளி நூல் நூற்றுக்கொண்டிருந்தார். தில்லியில் பணியாற்றிய காலத்தில் கற்ற இந்தியில் பேச்சுக் கொடுத்தேன். அவர் துரோணகிரி கிராமத்தவர்.

நீதிப் பள்ளத்தாக்கில் சுமார் 3,600 மீட்டர் உயரத்தில் உள்ளது அந்தக் கிராமம். பனிக்காலத்தில் ஊரே காலியாகி, மக்கள் ஆடுமாடுகளோடு தாழ்ந்த ஊர்களுக்கு வந்துவிடுகிறார்கள். அவர்கள் வணங்கும் தெய்வம் துரோணகிரி மலை. இலக்குவனுக்காக அனுமன் பெயர்த்தெடுத்தது அந்த மலையின் ஒரு பகுதியைத்தான் என்பது அவர்கள் நம்பிக்கை. அதனால் அவ்வூரார் அனுமனை வணங்குவதில்லை. அவருக்குரிய செங்கொடியையும் ஏற்றுவதில்லை. மலைக்கு வழிகாட்டியவள் அவ்வூர் மூதாட்டி ஒருத்தி என்று சொல்லி, மலைத்தேவதையின் சிறப்பு வழிபாட்டில் பெண்கள் கலந்துகொள்வதையும் தவிர்க்கிறார்கள்.

முதியவர் எங்கள் ஊரைக் கேட்டார். 'மதுரைக்கு மேற்கே' என்று மழுப்பினேன். என் மனைவிக்கு இந்தி தெரியாது. ஆனால் கேள்வி புரிந்துவிட்டது. 'அனுமந்தன்பட்டி' என்று தெளிவாகச் சொல்லிவிட்டாள். முதியவரின் கையில் சுழன்ற தக்ளி நின்றது. கடைக்குள் கரி வெடிக்கும் ஓசை மட்டும் கேட்டது. நான் தலை குனிந்தேன்.

சற்றுப் பொறுத்து அவர் சொன்னார்: 'எடுத்துப் போனவர் திரும்பக் கொண்டுவந்து வைக்கவில்லை, எங்கள் வருத்தம் அவ்வளவுதான். ஆனால் லட்சுமணர் பிழைத்தாரே, அது நல்லது.' பிறகு கடைக்காரரைப் பார்த்து, 'இவர்களுக்கு இன்னொரு தேநீர் கொடு' என்றார்.

அவர் சொன்னதைத் தமிழில் சொன்னேன். என் மனைவி ஒன்றும் பேசாமல் பையைத் திறந்து, வழிக்கென்று கொண்டுவந்திருந்த ஏலக்காய்ப் பொட்டலத்தை எடுத்தாள். எங்கள் ஊருக்கு மேற்கே உயர்ந்து நிற்கும் மலைகளில் விளைந்த ஏலம். இரு கைகளாலும் அவரிடம் நீட்டி, 'எங்கள் மலையில் விளைந்தது என்று சொல்லுங்கள்' என்றாள். சொன்னேன். அவர் பொட்டலத்தைக் கண்களில் ஒற்றிக்கொண்டு, இரண்டு காயைக் கடைக்காரரிடம் கொடுத்தார். அந்த ஏலத்தின் மணம் கமழ மூவரும் தேநீர் அருந்தினோம். பெயர்த்தெடுத்த மலைக்கு அது ஈடாகாது. ஆயினும் அவ்வாண்டு அனுமன் ஜயந்திக்கு அதுவே எங்கள் வடைமாலை.

செல்ல விரும்பும் அன்பர்களுக்கு

மலையேற இயலாத முதியோருக்குப் பனிக்கால யாத்திரை ஒரு வரப்பிரசாதம். ஊக்கிமடம், ஜோஷிமடம், பாண்டுகேசுவரம் ஆகியவற்றுக்கு வாகனத்திலேயே செல்லலாம். முக்பா சுமார் 2,600 மீட்டர் உயரத்தில் உள்ளதால் மூச்சுத் தொல்லை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டு முடிவு செய்க. மார்கழி முதல் பாதி ஏற்றது. ஜனவரி, பிப்ரவரியில் பனிப்பொழிவால் பாதை அடைபடக்கூடும். பகல் வெளிச்சத்திலேயே பயணம் செய்து, மாலை 4 மணிக்குள் தங்குமிடம் சேர்ந்துவிட வேண்டும். கம்பளி ஆடை, காதுமறைப்பு, காலுறை, வழக்கமான மருந்துகள் கட்டாயம். கார்வால் மண்டல் விகாஸ் நிகமத்தின் விடுதிகள் பல ஊர்களில் உள்ளன. எதிர்பாராத தாமதத்துக்கென இரண்டு நாட்களைக் கூடுதலாக ஒதுக்குவது நலம்.

தை பிறப்பதற்குள் ஊர் திரும்பினோம். பூஜையறையில் அனுமன் அதே மலையை ஏந்திப் பறந்துகொண்டிருக்கிறார். ஆனால் இப்போது விளக்கேற்றும்போது என் மனைவி அவரை மட்டும் வணங்குவதில்லை. அவர் கையில் உள்ள மலைக்கும் ஒரு பூ வைக்கிறாள்.