சக்கரம் சுத்தினா போதுமா?
எங்க மாவட்டத்து இருங்காட்டுக்கோட்டை தளத்துல சீறுற பந்தய காருக்கும், உத்திரமேரூர் ஏரிப் பாசனத்துல சேத்துழவு ஓட்டுற டிராக்டருக்கும் கணக்கு ஒண்ணுதாங்க: பிடிமானம்.

டிராக் ரேஸ்னா கால் மைல், அதாவது 402 மீட்டர் நேர் ஓட்டம். எடுத்த எடுப்புல முழுசா மிதிச்சா டயர் வழுக்கிப் புகைதான் வரும். டிராக்‌ஷன் கண்ட்ரோல் அந்த வழுக்கலை சென்சார்ல கண்டுபிடிச்சு இன்ஜின் சக்தியைக் குறைக்கும். ரொம்பக் குறைச்சாலும் வேகம் போச்சு. கொஞ்சம் வழுக்கும்போதுதான் டயர் நல்லாப் பிடிக்கும்.

எங்க டிராக்டருக்கு சென்சார் ஏது? கேஜ் வீல், டிஃபரன்ஷியல் லாக், அப்புறம் டிரைவரோட கால். மணிக்கணக்குல வாடகை கொடுக்குற சின்ன விவசாயிக்கு, சக்கரம் நின்ன இடத்துல சுத்துற ஒவ்வொரு நிமிஷமும் கைக்காசு சேத்துல போற மாதிரி.