ரெண்டுல ஒண்ணு

போன மாதம் அண்ணன் மகன் வீட்டுக்கு வந்திருந்தான். வக்கீலாகப் பதிவு செய்து மூன்று வருடம் ஆகிறது. அவனுடைய சீனியருக்கு ஓர் ஆர்.டி., அதாவது தூக்குத் தண்டனையை உறுதி செய்வதற்காக உயர் நீதிமன்றத்துக்கு வரும் வழக்கு, வந்திருக்கிறதாம். சாட்சிகளின் வாக்குமூலங்களையெல்லாம் கைப்பேசியில் படம் பிடித்துப் போட்டு, ஒரே ராத்திரியில் இங்கிலீஷ் ஆக்கிவிட்டானாம். "சித்தப்பா, நீங்க மூணு வாரம் உக்காந்து பண்ற வேலையை இது மூணு மணி நேரத்துல முடிச்சிடுச்சு" என்றான். என்னைக் குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை, சந்தோஷமாகத்தான் சொன்னான். எனக்குத்தான் சோறு இறங்கவில்லை.

1992 முதல் 2023 வரை உயர் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளனாக வேலை பார்த்தவன் நான். தூக்குத் தண்டனை எழுதிய பேனாவின் நிப்பை நீதிபதி உடைப்பார் என்பது ஊருக்கே தெரியும். அதற்குப் பிறகு அந்த வழக்குக் கட்டு எங்கே போகிறது என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் மேஜைக்குத்தான் வரும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவு 366, இப்போதைய சட்டத்தில் 407. உயர் நீதிமன்றம் உறுதி செய்யாமல் ஒருவரையும் தூக்கில் போட முடியாது. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், மேல்முறையீடு செய்யாவிட்டாலும் கட்டு தானாக மேலே வந்துவிடும். அங்கே இரண்டு நீதிபதிகள் சாட்சியம் முழுவதையும் புதிதாகப் படிப்பார்கள். சாட்சியின் முகத்தை அவர்கள் பார்க்கப்போவதில்லை, குரலையும் கேட்கப்போவதில்லை. அரசமைப்பின் 348-ஆவது பிரிவு அங்கே ஆங்கிலத்தை உட்கார வைத்திருக்கிறது. 2006-இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் அது அசையவில்லை. தமிழ் தெரிந்த நீதிபதி சந்தேகம் வந்தால் மூலத்தைப் புரட்டிப் பார்ப்பார். தெரியாதவருக்கும், அதற்கு மேலே டெல்லியில் இருப்பவர்களுக்கும் நாங்கள் எழுதியதுதான் சாட்சியம்.

அரிவாளையே எடுத்துக்கொள்ளுங்கள். கதிர் அரிவாள், பண்ணரிவாள், வெட்டரிவாள், வீச்சரிவாள், கொடுவாள். எல்லாவற்றுக்கும் 'சிக்கிள்' என்று போட்டுவிட்டுப் போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். கதிர் அறுக்கிறவன் இடுப்பில் கதிர் அரிவாள் இருப்பது இயல்பு. வரப்பில் வாய்த்தகராறு முற்றி அதை வீசியிருந்தால், திடீர்ச் சண்டை என்று வாதாட இடம் உண்டு. வீச்சரிவாளை யாரும் களை பறிக்க எடுத்துப் போவதில்லை. ஒரு சொல் தப்பினால், பழைய தண்டனைச் சட்டத்தில் கொலையாகாத மரணத்துக்கான 304-இல் நிற்க வேண்டியவன் கொலைக்கான 302-க்குப் போவான், 302-க்குப் போக வேண்டியவன் தப்புவான். நேரமும் அப்படித்தான். 'விளக்கு வைக்கிற நேரம்' என்று சாட்சி சொன்னால், இருட்டத் தொடங்கிவிட்டது, முகம் தெரியும், ஆனால் தெளிவாகத் தெரியாது என்று அர்த்தம். அடையாளம் காட்டியது செல்லுமா செல்லாதா என்ற கேள்வியே அந்த அரை மணி நேரத்தில்தான் இருக்கிறது. 'ஈவ்னிங்' என்று எழுதினால் அந்த அரை மணி நேரம் காணாமல் போய்விடும்.

ஆனால் என்னை மிகவும் படுத்தியது ஒரு சின்ன வாக்கியம். சேர்ந்து ஐந்தாறு வருடம் இருக்கும். தென் மாவட்டத்து வழக்கு. பாகப் பிரிவினைத் தகராறில் ஒரே குடும்பத்தில் மூன்று பேர் செத்திருந்தார்கள். கீழ்க்கோர்ட்டு தூக்கு விதித்திருந்தது. எதிரியின் அம்மா அரசுத் தரப்பு சாட்சி. அன்று காலை மகன் வீட்டை விட்டுக் கிளம்பும்போது என்ன சொன்னான் என்பது அவருடைய முதல் விசாரணையில் இருந்தது: "இன்று இரண்டில் ஒன்று பார்த்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனான்."

நான் யோசிக்காமல் எழுதினேன்: இன்றைக்கு அவன் இருக்க வேண்டும் அல்லது நான் இருக்க வேண்டும் என்கிற பொருளில், நல்ல அழுத்தமான இங்கிலீஷில். வாக்கியம் அழகாக விழுந்துவிட்டது என்று திருப்திகூட இருந்தது.

எங்கள் பிரிவில் அப்போது கண்காணிப்பாளராக இருந்தவரை ஐயா என்றுதான் கூப்பிடுவோம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, தமிழ் மூலத்தில் ஒரு விரலும் என் தாளில் ஒரு விரலுமாக வரி வரியாகப் படிப்பார். அந்த வரியில் நிறுத்தினார். "தம்பி, நீ கரண்டு ஆபீஸ்ல பில்லு தப்பா வந்துருக்குன்னு சண்டைக்குப் போறப்ப வீட்டுல என்ன சொல்லிட்டுப் போவே?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. "ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்னுதானே சொல்லுவே? அங்க போய் யாரைக் கொல்லப் போறே?"

நான் விடவில்லை. "இங்கே மூணு பேர் செத்திருக்காங்களே ஐயா" என்றேன். அவர் அன்று கோபப்பட்டதுபோல் பிறகு ஒருநாளும் கோபப்பட்டதில்லை. "செத்தது உனக்குத் தெரியும். அந்தம்மா சொல்லும்போது நடந்தது தெரியும். அவன் வாசல்ல நின்னப்ப நடக்கலை. நடந்து முடிஞ்சதை வச்சு அவன் வார்த்தைக்கு அர்த்தம் போட நீ யாரு? அது ஜட்ஜு வேலை."

அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். முடிவு தெரிந்தாக வேண்டும் என்று ஒரு தடவை எழுதினேன், மிகவும் மெலிந்து போயிருந்தது. கோபம் அதில் இல்லை. கோபத்தைச் சேர்த்தேன், கொலை வந்துவிட்டது. இரண்டு நாள் அந்த ஒரு வரிதான். கடைசியில் ஐயா சொன்னபடி தமிழ்ச் சொற்களை அப்படியே ஆங்கில எழுத்தில் வைத்து, கீழே குறிப்பு எழுதினோம்: ஒரு விவகாரத்துக்கு இன்று முடிவு கண்டே தீர்வேன் என்பதற்கு வழங்கும் மரபுத்தொடர், எந்த வகையான முடிவு என்பதை இந்தத் தொடர் சொல்லவில்லை. விசாரணையில் இரண்டு தரப்பும் அந்தக் குறிப்பைக் காட்டி வாதாடியதாகப் பின்னால் கேள்விப்பட்டேன். தூக்கு ஆயுள் தண்டனையாகக் குறைந்தது. அந்த வரியால்தான் குறைந்தது என்று சொல்லமாட்டேன். வேறு காரணங்களும் இருந்தன.

இன்னொன்றையும் யாரும் கவனிப்பதில்லை. அந்தத் தாய் கூண்டில் நின்று 'இரண்டில் ஒன்று பார்த்துவிட்டு' என்றா பேசியிருப்பார்? அவர் தன் ஊர்ப் பேச்சில் சொன்னதைக் கீழ்க்கோர்ட்டுத் தட்டச்சர் ஏட்டுத் தமிழாக்கினார். நான் அதை இங்கிலீஷாக்கினேன். எங்களிடம் வருவதே ஒரு மொழிபெயர்ப்புதான்.

தண்டனை பற்றிக் கேட்கும் இடம் இதைவிட மோசம். குற்றவாளி என்று தீர்ப்புச் சொன்ன பிறகு, பழைய நடைமுறைச் சட்டத்தின் 235(2)-இன் கீழ் நீதிபதி கேட்பார். எத்தனையோ கட்டுகளில் பதில் ஒரே வரி: 'சொல்வதற்கு ஒன்றுமில்லை'. "எனக்குன்னு சொல்ல இனி என்னங்க இருக்கு" என்று உடைந்து போனவனுக்கும் அந்த வரிதான், முறைத்துக்கொண்டு நின்றவனுக்கும் அந்த வரிதான். 1980-இல் பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், குற்றத்தை மட்டும் பார்க்காதே, குற்றவாளியையும் பார், அரிதினும் அரிதான வழக்கில் மட்டும் தூக்குக் கொடு என்றது. ஐந்து பேரில் பகவதி மட்டும் தூக்கே கூடாது என்று மாறுபட்டார். 2022-இல் மனோஜ் வழக்கில், எதிரியின் பின்னணியையும் மனநிலையையும் பற்றிய அறிக்கைகளை விசாரணை நீதிமன்றமே வாங்க வேண்டும் என்று சொன்னார்கள். நல்லது. ஆனால் நான் பார்த்த கட்டுகளில் அந்த மனிதன் பேசியதாக இருந்தது இரண்டே சொல். மனம் வருந்தினானா என்று அதிலிருந்துதான் தேடினார்கள்.

தமிழ்நாட்டில் இப்போது யாரையாவது தூக்கில் போடுகிறார்களா என்று கேட்பார்கள். உண்மைதான், 1995-இல் சேலம் சிறையில் ஆட்டோ சங்கருக்குப் பிறகு ஒருவரும் இல்லை. தீர்ப்பு எழுதுவது நிற்கவில்லையே. நாங்கள் மொழிபெயர்த்து முடிக்கும்வரை தூக்குக்குரியவன் என்ற பெயரோடு ஒருவன் சிறையில் உட்கார்ந்திருக்கிறான்.

தூக்கு வேண்டுமா வேண்டாமா என்று வேலையில் இருந்தவரை நான் வாய் திறந்ததில்லை. இப்போது சொல்கிறேன். குழந்தையைக் கொன்றவனின் கட்டைத் தட்டச்சு செய்துவிட்டு ராத்திரி தூங்காமல் கிடந்திருக்கிறேன். இவனுக்கு இது தகும் என்று மனசு சொல்லியிருக்கிறது. ஆனாலும் 31 வருடத்தில் ஒரு சொல்கூட நான் தவறாகப் போடவில்லை என்று சத்தியம் செய்ய என்னால் முடியாது. ஆயுள் தண்டனை என்றால் தவறு தெரிந்த அன்று கதவைத் திறந்து விடலாம். என் இங்கிலீஷை நம்பி ஒருவனைத் தொங்கவிடுவது சரியில்லை.

இப்போதைய நிலைமை இன்னும் கவலையாக இருக்கிறது. 2019-இல் உச்ச நீதிமன்றம் 'சுவாஸ்' என்ற மென்பொருளைக் கொண்டு வந்தது, தீர்ப்புகளை நம் மொழிகளில் தருவதற்கு. அதை வரவேற்கிறேன், தீர்ப்பு மக்களுக்குப் புரிய வேண்டும். சாட்சியம் வேறு. அண்ணன் மகனின் கைப்பேசியில் 'ரெண்டுல ஒண்ணு பாத்துட்டு வரேன்' என்று போட்டுப் பார்க்கச் சொன்னேன். இருவரில் ஒருவரைப் பார்க்கப் போவதாக வந்தது. சிரித்தான். அந்த வாக்குமூலங்களை மூலத்தோடு ஒத்துப்பார்த்தாயா என்று கேட்டேன். எண்ணூறு பக்கத்தை யார் சித்தப்பா ஒத்துப்பார்ப்பது என்றான். எங்கள் காலத்தில் ஒருவர் தமிழை வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் ஆங்கிலத்தில் விரல் வைத்துக்கொண்டு வருவோம். தொண்டை கட்டிவிடும். அந்த வழக்கமே போய்விட்டது. ஒத்துப்பார்க்காமலே 'உண்மை நகல்' முத்திரை குத்திய தட்டச்சுக் கட்டுகளைக் கடைசி வருடங்களில் என் கண்ணால் பார்த்தேன்.

ஆர்.டி. வழக்கில் ஆஜராகும் பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். இயந்திரத்தில் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தமிழ் வாக்குமூலத்தின் நகலை மனுப் போட்டாவது வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எதிரியின் ஊர்க்காரர் ஒருவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அம்மாவும் பெண்டாட்டியும் சொன்ன பகுதியையாவது அவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, இதற்கு உங்கள் ஊரில் என்ன அர்த்தம் என்று கேளுங்கள்.